இருநூற்று எழுபத்தைந்து கடிதங்கள்

அத்தியாயம் ஆறு

காலை ஒன்பது மணிக்குத் தெரணியகலை பஸாரில் இரண்டு சங்கதிகள் சூடாக இருந்தன. ஒன்று, பேக்கரியில் அப்போதுதான் அடுப்பிலிருந்து எடுத்த, மீன் அடைத்த மாலுபாண். மற்றது, அதே பேக்கரியின் மேல்மாடியில் தர்மிளாவின் மேசைக்கு எதிரே உட்கார்ந்திருந்த சதீஸின் தலை.

"என் மூளைய எவனோ திருடிட்டான் அக்கா!"

ஜன்னலில் சாய்ந்து நின்ற முத்துவீரன் வாயிலிருந்ததை அவசரமாக விழுங்கினான். "சின்னச் சாமான் காணாமப் போனா தேடுறது கஷ்டம் தம்பி. பெருசுன்னா பரவாயில்ல."

"வீரண்ணே," என்றாள் தர்மிளா, தலையை நிமிர்த்தாமல். அந்த ஒரு சொல்லுக்கு 'வாயை மூடு' என்று அர்த்தம் என்பது மூன்று வருடமாக அவனுக்குத் தெரியும். மூன்று வருடமாக அவன் மூடியதில்லை.

தர்மிளா இரத்தினபுரியில் ஒரு காப்புறுதிக் கம்பனிக்காக ஐந்து வருடம் உழைத்தவள். எரியாத கடைக்குத் தீ வைத்துக்கொண்டவர்களையும், சாகாத மாட்டுக்கு அழுதவர்களையும் கையும் மெய்யுமாகப் பிடித்துக் கொடுத்தவள். அலுத்துப்போய் ஊருக்கு வந்து சொந்தமாகத் துப்பறியும் பலகை மாட்டிவிட்டாள். முத்துவீரன் ஆட்டோக்காரன். ஒரு நாள் அவளைச் சவாரி ஏற்றியவன், அவள் துரத்திக்கொண்டிருந்த ஆள் எந்தச் சந்தில் திரும்பியிருப்பான் என்று வண்டியை நிறுத்தாமலே சொன்னான். சொன்ன சந்திலேயே ஆள் நின்றான். அன்றிலிருந்து உதவியாளன். 'துணைத் துப்பறிவாளர்' என்று ஆட்டோவின் பின்னால் எழுதப் பார்த்தான். தர்மிளா விடவில்லை.

சதீஸுக்குப் பஸ் நிலையத்துக்கு எதிரே தொலைபேசியும் வாச்சும் திருத்தும் கடை. தலைமுடியை முள்ளம்பன்றி மாதிரி நிமிர்த்தி வைத்திருந்தான். கையிலிருந்த வாச்சைக் கழற்றி மேசையில் வைத்தான்.

சாதாரண வாச் இல்லை. நாமே கம்ப்யூட்டரிலோ போனிலோ எழுதி ஏற்றினால், எழுதினபடியெல்லாம் ஆடுகிற வகை. கண்ணாடிக்குள்ளே கரும்பச்சை வானம். இறக்கை வைத்த சைக்கிளில் ஒரு குட்டித் தபால்காரன் விளிம்பைச் சுற்றி மிதித்துக்கொண்டிருந்தான். அவன் ஒரு சுற்று வந்தால் ஒரு நிமிடம்.

"ஏழாம் கோளின் தபால்காரன்!" முத்துவீரன் துள்ளிக்கொண்டு வந்தான்.

அமில மழை பெய்கிற ஒரு கோளில், மழைக்கு முன்னால் முந்நூறு கடிதங்களைக் கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டிய தபால்காரனின் கதை அது. முத்துவீரன் படத்தை நான்கு தடவை பார்த்தவன். கடைசிக் கடிதக் காட்சியில் நான்கு தடவையும் அழுதவன். மூன்றாம் தடவை பக்கத்து சீட்டுக்காரர் லேஞ்சி கொடுத்து உதவினார்.

"அதே தான்," என்றான் சதீஸ். "ரெண்டாம் பாகம் வரப்போகுதுல்ல. அதுக்குப் படக் கம்பனியும் கொழும்புல ஒரு சொஃப்ட்வெயார் கம்பனியும் சேர்ந்து போட்டி வச்சிருக்காங்க. படத்த வச்சு வாச்சுக்கு ஒரு முகப்பு செய்யணும். முதலாவதா வர்ற ஆளுக்கு ஒரு வருசம் அவங்க கம்பனியில பயிற்சி. முடிச்சா அங்கயே வேல."

"நீ அனுப்பின," என்றாள் தர்மிளா.

"அனுப்பினேன். மறுநாளே அச்சு அசலா இதையே இன்னொருத்தன் அனுப்பியிருக்கான்! பேரு கூடப் போடல. 'பால்வாளி'ன்னு போட்டிருக்கான். என் கடை கம்ப்யூட்டர்ல இருந்து சுட்டிருப்பான் அக்கா. இன்னக்கி மூணு மணிக்குக் கொழும்புல இருந்து வீடியோவுல வருவாங்க. ரெண்டு பேருல யாரு செஞ்சதுன்னு விசாரிப்பாங்களாம். அதுக்கு முன்ன அந்தப் பால்வாளி யாருன்னு மட்டும் சொல்லுங்க. மிச்சத்த நான் அவன்கிட்டப் பேசிக்கிறேன்."

தர்மிளா வாச்சை வெளிச்சத்தில் பிடித்துத் திருப்பினாள். நடுவில் மேலிருந்து கீழாக மூன்று வெள்ளைக் கோடுகள், சரிவாக, ஒன்றின் கீழ் ஒன்று. இடது மூலையில் ஒரு சின்னக் கிண்ணம், பாதிக்கு வெள்ளை நிறம். கீழே ஒரு கடித உறை. அதன்மேல் 275 என்ற எண்.

"இந்தக் கோடு என்னா?"

"அது... ஸ்டைலுக்கு."

"கிண்ணம்?"

"அதுவும் ஸ்டைலுக்கு."

"எரநூத்தி எழுபத்தஞ்சு?"

சதீஸ் முள்ளம்பன்றியைத் தடவினான்.

"படத்துல முந்நூறுல்ல..." என்று ஆரம்பித்த முத்துவீரனுக்குக் கால் பெருவிரலில் சுரீர் என்றது. மேசைக்கு அடியில் தர்மிளாவின் செருப்பு.

"அட, எனக்குப் புரிஞ்சிருச்சு!" தர்மிளாவின் முகம் மலர்ந்தது. "இடைவேளைக்கு முன்னுக்கு அந்த ஒத்தக்கண்ணு பால்காரன் வருவானே. தபால்காரனுக்குக் கிண்ணத்துல பால் ஊத்திக் குடுப்பானே. அவன் வீட்டு நம்பர் தானே எரநூத்தி எழுபத்தஞ்சு?"

சதீஸின் முகத்தில் கரண்ட் வந்தது. "அதே தான் அக்கா! எனக்கு அந்த சீன்னா உசிரு. அத வச்சுத்தான் முழுசையும் செஞ்சேன்!"

முத்துவீரன் இருவரையும் மாறி மாறிப் பார்த்தான். பால்காரனா? அந்தக் கோளில் மாடே கிடையாது. இருப்பதெல்லாம் ஆறு கால் ஆமை. தர்மிளா மிஸ் படத்தில் தூங்கியிருப்பாள், கனவில் பால்காரன் வந்திருப்பான். சதீஸோ கடைக்காரன், யார் என்ன சொன்னாலும் ஆமாம் போடுகிற வாய். சரி, உண்மையைச் சொல்லித் திருத்துவோம் என்று வாயைத் திறந்தான். செருப்பு இரண்டாம் முறை விழுந்தது. இந்த முறை அதன் குதிப்பக்கம்.

"வாச்ச மூணு மணி வரைக்கும் என்கிட்ட விட்டுட்டுப் போ," என்றாள் தர்மிளா. "ஆளோட வர்றேன்."

ஆட்டோ கரவனெல்லப் பக்கமாக வளைந்து வளைந்து இறங்கியது. எங்கே போகிறோம் என்று கேட்டதற்கு, "யோசிக்கணும், ஓட்டுங்க," என்பதுதான் பதில். முத்துவீரன் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு ஓட்டினான்.

"மிஸ், அந்தப் பால்காரன்..."

"ரோட்டப் பாருங்கண்ணே."

"ரோட்ட நான் இருபது வருசமாப் பாத்துக்கிட்டுத்தான் இருக்கேன். அது அப்படியேதான் இருக்கு. பால்காரன்தான் புதுசு."

தர்மிளா சிரித்தாள். பதில் சொல்லவில்லை. மடியில் வாச். மணி பத்து இருபது. கோடு நான்காகியிருந்தது. கிண்ணத்தில் வெள்ளை முக்காலுக்கு ஏறியிருந்தது.

"மணிக்கு ஒரு கோடு," என்று தனக்குள் சொல்லிக்கொண்டாள். "கிண்ணமும் நேரத்தோட சேர்ந்து நிறையுது. ஸ்டைலுக்கு எவனும் இவ்வளவு கஷ்டப்பட மாட்டான்."

வெளியே பார்த்தாள். வீதியின் இரு பக்கமும் ரப்பர் மரங்கள் ஓடிக்கொண்டிருந்தன. பிறந்ததிலிருந்து பார்க்கிற மரங்கள். அதனாலேயே பார்க்காமல் விட்ட மரங்கள்.

"நிறுத்துங்க!"

முத்துவீரன் மிதித்த மிதியில் ஆட்டோ ஒரு தரம் குனிந்து கும்பிட்டது. தர்மிளா இறங்கி ஓடி, முதல் மரத்தின் பட்டையில் வாச்சை வைத்துப் பிடித்தாள்.

மரத்தில் கத்தி கீறிய தடம், இடது மேலிருந்து வலது கீழாகச் சரிந்து இறங்கியது. அதன் மேலே பழைய தடம், அதன் மேலே அதற்கும் பழையது. வாச்சிலும் அதே சரிவு, அதே வரிசை. தடம் முடிகிற இடத்தில் கம்பியில் கட்டிய சிரட்டை. அதில் சொட்டுச் சொட்டாக வெள்ளைப் பால்.

முத்துவீரன் தலையைச் சாய்த்துப் பார்த்தான். அப்புறம் உடம்பையே சாய்த்துப் பார்த்தான். "மிஸ்! இது ரப்பர் வெட்டுற ஆளு செஞ்ச வாச்!"

"ஆமா. பால்வாளின்னா மாட்டுப் பால் வாளி இல்ல. ரப்பர் பால் வாளி."

"அப்ப எரநூத்தி எழுபத்தஞ்சு?"

"ஒரு ஆளுக்கு வெட்டக் குடுத்த மரக் கணக்கு. ஆனா ரப்பர் தோட்டம் இந்தப் பக்கம் பூராவும் இருக்கே. எதுன்னு தேடுறது?"

தர்மிளா வாச்சின் பக்கத்துச் சக்கரத்தைத் திருகி நேரத்தைக் கூட்டிப் பார்த்தாள். பதினொன்று. கிண்ணம் நிறைந்து தளும்பியது. பதினொன்று இருபத்தொன்பது. தளும்பிக்கொண்டே இருந்தது. பதினொன்றரை. சட்டென்று காலி.

"பதினொன்றரைக்கு எங்க பால் நிறுக்குறாங்க?"

இப்போது முத்துவீரனின் நேரம். கையைக் கட்டிக்கொண்டு ஆட்டோவில் சாய்ந்தான். "மத்த இடத்துல எல்லாம் பன்னண்டு மிஸ். கிரிதென்ன தோட்டத்துல மட்டும்தான் பதினொன்றரை. அங்க ஃபெக்டரி இல்ல, பவுசர் லொறி வந்து ஏத்திக்கிட்டுப் போகணும். எப்படித் தெரியும்னு கேளுங்க."

"எப்படித் தெரியும்?"

"பதினொன்றே முக்காலுக்குப் பால் கையோட ஏறி, என் சீட்டோட ஒட்டிக்கிட்டு இறங்க மாட்டேன்னு அடம் பிடிச்சது அந்தத் தோட்டத்து ஆளுங்கதான்."

"சரி. ஏறுங்க."

கிரிதென்னவில் பால் நிறுக்கும் கொட்டகை மூன்றாம் டிவிஷனில், தொழிலாளர் லயத்துக்குக் கீழே இருந்தது. பதினொன்று இருபத்தைந்துக்கு அங்கே இருபது பேர் வரிசையில் நின்றார்கள். எல்லார் கையிலும் வாளி, எல்லார் உடுப்பிலும் காய்ந்த பால் கறை. கங்காணி தராசோடு சண்டை பிடித்துக்கொண்டிருந்தார்.

முத்துவீரன் கண்ணை இடுக்கினான். வரிசையின் நடுவில் ஒரு வாலிபன். கறுப்புக் கண்ணாடி, மணிக்கட்டில் தங்க நிறத்தில் தட்டு அளவு வாச்.

"மிஸ், ஆளு அதோ. நீங்க இங்க நில்லுங்க, நான் பின்னால போய் அமுக்குறேன்."

"அவர் வாச்சப் பாருங்கண்ணே. ரெண்டு பத்துல நிக்குது. வாங்கினதுல இருந்தே நிக்குது போல."

"அப்ப எப்படிக் கண்டுபிடிக்கிறது? ஒவ்வொருத்தர் கையாப் பிடிச்சுப் பார்க்கவா? அடிச்சே கொன்னுடுவாங்க."

தர்மிளா கொட்டகை வாசலில் நின்று, பக்கத்து வீட்டாரைக் கூப்பிடுவது போலச் சாதாரணமாகக் கூப்பிட்டாள். "பால்வாளி!"

பத்தொன்பது பேர் குனிந்து தங்கள் வாளியைப் பார்த்தார்கள். சிந்துகிறதோ, ஓட்டையோ என்று.

ஒருத்தி மட்டும் வாளியைப் பார்க்கவில்லை. இடது கையைச் சட்டென்று முதுகுக்குப் பின்னால் கொண்டுபோனாள்.

இருபத்தாறு வயதிருக்கும். தலையில் துணிக் கட்டு, பழைய ஆண் சட்டை. மணிக்கட்டில் பொலிதீன் சுற்றியிருந்தது. அதற்குள்ளே இறக்கை வைத்த சைக்கிள் ஓடிக்கொண்டிருந்தது. பேர் கலைச்செல்வி. பால் நிறுத்து முடித்து வாளியைக் கழுவும் வரை தர்மிளா பொறுமையாக நின்றாள். பிறகு மூவரும் தண்ணீர் கொட்டும் பீலிக்கரைக்குப் போனார்கள்.

"நான் திருடல மிஸ்." அதுதான் அவள் சொன்ன முதல் வார்த்தை. "நான்தான் செஞ்சேன். வேற யாரோ முந்தி அனுப்பிட்டாங்க. கொழும்புல இருந்து கடிதம் போட்டிருந்தாங்க, ஒரே மாதிரி ரெண்டு வந்திருக்கு, விசாரிக்கணும்னு. பொலிஸ் வரும்னு பயந்துட்டேன். மூணு மணிக்கு நான் வரலன்னு முடிவு பண்ணிட்டேன்."

"அது கெடக்கட்டும். எரநூத்தி எழுபத்தஞ்சு என்னா கணக்கு? படத்துல முந்நூறு கடிதமாச்சே?"

"எனக்குத் தெரியாதா? ஆறு தரம் பார்த்தேன்."

நான்கு தடவைக்காரனான முத்துவீரன் மெதுவாகத் தலையைக் குனிந்துகொண்டான்.

"முந்நூறு தான் மிஸ். ஆனா எனக்குக் குடுத்திருக்குறது எரநூத்தி எழுபத்தஞ்சு மரம். முந்நூறுன்னு போட்டா மிச்ச இருபத்தஞ்சு மரத்துக்கு நான் எங்க போறது?" கலைச்செல்வி முதல் தடவையாகச் சிரித்தாள். "ஒரு மரம் வெட்டினா, பொத்தான இடுப்புல இப்படி ஒரு இடி. ஒரு கடிதம் குறையும். வெட்டுறப்ப நான் ஏதாவது யோசிச்சுக்கிட்டே இருப்பேன், ரெண்டு மூணு மரம் விட்டுப்போகும், கங்காணி கத்துவாரு. இப்ப விட்டுப்போறதில்ல. அந்தத் தபால்காரனும் நானும் ஒண்ணு மிஸ். மழை வந்தா அவனுக்கும் வேல இல்ல, எனக்கும் வேல இல்ல."

வாச் கட்டாரிலிருக்கும் தம்பி அனுப்பியது. கரவனெல்லவில் ஆறு மாதம் கம்ப்யூட்டர் படித்திருந்தாள். வேலை கிடைக்கவில்லை, கத்தி கிடைத்தது. தண்ணீர்த் தாங்கிக்குப் பக்கத்தில் மட்டும்தான் போனுக்குச் சிக்னல் வரும். அங்கே போய் நின்று பார்த்துப் பார்த்து, நான்கு மாதமாகப் போனிலேயே எழுதி, அழித்து, எழுதியது அந்த முகப்பு.

"இத வேற யாருகிட்டயாவது குடுத்தியா?"

"போன மாசம் சார்ஜ் ஏறல. மீன் லொறி கொண்டு வருவாருல்ல, காமில் நானா, அவருகிட்டக் குடுத்துவிட்டேன். தெரணியகலை பஸார்ல ஏதோ கடையில குடுத்துத் திருத்திக்கிட்டு வந்தாரு. எந்தக் கடைன்னு நான் கேக்கல."

முத்துவீரன் விரலை நீட்டி எண்ணத் தொடங்கினான். ஒரு விரலோடு நின்றுவிட்டது.

"மிஸ்... பஸார்ல வாச் திருத்துற கடை ஒண்ணே ஒண்ணு தான் இருக்கு."

"ஆமாண்ணே."

"அப்ப நம்மள ஏவிவிட்டவனே..."

"ஆமாண்ணே."

"திருடனே வந்து, களவு குடுத்தவளக் கண்டுபிடிச்சுத் தாங்கன்னு கேட்டிருக்கான்! நானும் வாயில மாலுபாணோட நின்னுருக்கேன்!"

கலைச்செல்விக்கு அப்போதுதான் விஷயம் விளங்கியது. முகம் சிவந்தது, பிறகு வாடியது. "விளங்கி என்னா மிஸ் பிரயோசனம்? அவரு கடை வச்சிருக்காரு. நான் ரப்பர் வெட்டுறவ. மரக் கதைய நான் இப்பச் சொன்னா, பிறகு யோசிச்சுக் கட்டினதும்பாங்க."

"நீ சொல்ல வேணாம். முதல்ல அவன் சொல்லட்டும்." தர்மிளா எழுந்தாள். "அந்த வாச்சுல உனக்கு மட்டும் தெரிஞ்சது வேற ஏதாவது இருக்கா?"

கலைச்செல்வி பீலித் தண்ணீரில் விரல் கறையைத் தேய்த்தாள். "இருக்கு. ஆனா அது மத்தவங்க வாசிக்கிறதுக்கு இல்ல மிஸ்."

தர்மிளா வற்புறுத்தவில்லை.

மூன்றுக்கு ஐந்து நிமிடம் இருக்கையில் சதீஸ் கடையில் ஊதுபத்தி கொளுத்தியிருந்தான். புதுச் சட்டை. மேசையில் லெப்டொப்.

"ஆளு கெடச்சானா அக்கா?"

"கெடச்சாச்சு. முதல்ல நீ பேசி முடி." தர்மிளா வாச்சைக் கொடுத்தாள்.

சதீஸ் அவளுக்குப் பின்னால் வந்த பெண்ணைப் பார்த்தான். துணிக் கட்டை அவிழ்த்து, சட்டையை மாற்றி வந்திருந்தாலும் விரல்களில் பால் கறை போகவில்லை. "தங்கச்சி, போன் கவர் பார்க்குறதுன்னா பாருங்க. தொடாதீங்க, புதுசு."

"சரிங்க," என்றாள் கலைச்செல்வி. முத்துவீரனின் போனைக் கையில் வைத்துக்கொண்டு, கவர்கள் தொங்கிய சுவரோரமாகப் போய் நின்றாள்.

திரை விழித்தது. கொழும்பிலிருந்து ஸுலைஹா என்ற அதிகாரி. கண்ணாடி போட்ட, சிரிக்காத முகம். பக்கத்திலே இன்னொரு சதுரம், கறுப்பாக. அடியில் 'பால்வாளி' என்று எழுதியிருந்தது.

"ரெண்டு பேரும் வந்தாச்சு. நல்லது," என்றாள் ஸுலைஹா. "கேள்வி ஒண்ணுதான். இந்தக் கிண்ணமும் இந்த எண்ணும் எங்கிருந்து வந்தது? சதீஸ், நீங்க முதல்ல."

சதீஸ் தொண்டையைச் செருமினான். "மேடம், படத்துல எனக்கு ரொம்பப் பிடிச்சது அந்த ஒத்தக்கண்ணு பால்காரன். இடைவேளைக்கு முன்னுக்கு வருவான்ல? அவன் வீட்டு நம்பர்தான் எரநூத்தி எழுபத்தஞ்சு. அவன் பால் குடுக்கிற கிண்ணம்தான் இது. அந்த இடத்துல ஒரு பாட்டு வரும் பாருங்க, தியேட்டரே எழும்பி ஆடிச்சு மேடம்!"

முத்துவீரன் தன் பெருவிரலைக் குனிந்து பார்த்தான். காலையில் விழுந்த இரண்டு மிதிக்கும் இப்போதுதான் அர்த்தம் புரிந்தது. மிஸ் தூங்கவில்லை. தூண்டிலில் புழுக் கோத்திருந்தாள். இவன் அதற்குப் பாட்டு வேறு போட்டு விழுங்குகிறான்!

ஸுலைஹா கண்ணாடியைக் கழற்றினாள். "அந்தப் படத்துக்குத் தமிழ் வசனத்தச் சரி பார்த்தவள் நான். வரி வரியாத் தெரியும். அதுல பால்காரன் கிடையாது."

சதீஸ் ஒரு கணம்தான் தடுமாறினான். "அவிசாவளையில ஓடின காப்பியில இருந்துச்சு மேடம்."

"அவிசாவளையில நாலு தரம் பார்த்தது நான்!" முத்துவீரனால் அதற்கு மேல் அடக்க முடியவில்லை. "அங்க ஆமை இருந்துச்சு. பால்காரன் இல்ல!"

அந்த நேரம் பார்த்துக் கறுப்புச் சதுரம் வெளிச்சமானது. அதில் ஒரு பெண். அவளுக்குப் பின்னால் வரிசையாகப் பல வண்ணப் போன் கவர்கள்.

சதீஸ் திரையை உற்றுப் பார்த்தான். நம்ம கடையில் இருப்பது மாதிரியே கவர். நம்ம கடையில் இருப்பது மாதிரியே கலண்டர். மூலையில் முள்ளம்பன்றி மாதிரி ஒரு பின்மண்டை. அது யாருடையது என்று விளங்க மூன்று விநாடி எடுத்தது. மெதுவாகத் திரும்பினான்.

"தொடல அண்ணே," என்றாள் கலைச்செல்வி.

பிறகு ஸுலைஹாவிடம் மரம், தடம், சிரட்டை, பதினொன்றரை எல்லாவற்றையும் சொன்னாள். முதலில் தரையைப் பார்த்துப் பேசினாள். மரக் கணக்குக்கு வந்தபோது நிமிர்ந்து திரையைப் பார்த்தாள்.

ஸுலைஹா கவனமாகக் கேட்டாள். "அழகான விளக்கம். ஆனா அவரு சொன்னது பிழைங்கிறதால நீங்க சொல்றது சரின்னு ஆகாது. ஆதாரம் ஏதாவது?"

கலைச்செல்வி தர்மிளாவைப் பார்த்தாள்.

"இருக்குங்க," என்றாள் கடைசியில். "அவரு வாச்சிலயே இருக்கு. பொத்தான எரநூத்தி எழுபத்தஞ்சு தரம் அழுத்தணும். நான் தொட்டா ஏதாவது மாத்திட்டேம்பாங்க. வேற யாராச்சும் அழுத்துங்க."

முத்துவீரன் வாச்சைப் பிடுங்கிக்கொண்டு லெப்டொப்புக்கு முன்னால் உட்கார்ந்தான். அழுத்தினான். 274. அழுத்தினான். 273. ஸுலைஹா கொழும்பில் கன்னத்தில் கை வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தாள். இருநூறுக்கு வந்தபோது போனுக்கு ரீலோட் போட வந்தவர்கள் எட்டிப் பார்த்தார்கள். நூற்றைம்பதில் பஸ்ஸுக்கு நின்றவர்கள் வாசலை அடைத்தார்கள். என்ன ஏது என்று தெரியாமலே பாதிப் பேர் தமிழிலும் பாதிப் பேர் சிங்களத்திலும் சேர்ந்து எண்ணத் தொடங்கினார்கள். முத்துவீரன் விரலை உதறி உதறி அழுத்தினான். பத்து. ஐந்து. மூன்று. சதீஸ் மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டிருந்தான்.

பூச்சியம்.

கண்ணாடிக்குள்ளே தபால்காரன் சைக்கிளை நிறுத்தினான். இறங்கினான். தொப்பியைக் கழற்றினான். கடித உறை திறந்தது. எழுத்துகள் ஒவ்வொன்றாக வந்தன. முத்துவீரன் உரக்க வாசித்தான்.

"கலைச்செல்விக்கு. எல்லா மரமும் முடிஞ்சிருச்சு. கை வலிக்கும். போய்ச் சாப்பிடு. நாளைக்கும் நீ இங்க வருவ..."

அவன் லேஞ்சியைத் தேடத் தொடங்கினான். மிச்சத்தைத் தர்மிளா வாசித்தாள்.

"...ஆனா எப்பவும் இல்ல."

வாசலில் தமிழ் தெரியாத ஒரு கண்டக்டர், "மொகத, மொகத?" என்று பக்கத்திலிருந்தவரைக் கேட்டார். அவர் காதில் சொன்னார். கண்டக்டர் கலைச்செல்வியைப் பார்த்துத் தலையை ஆட்டினார்.

ஸுலைஹா கண்ணாடியை மறுபடி போட்டுக்கொள்ள நேரமெடுத்தாள். "ஒரே மாதிரி ரெண்டு வந்ததாலதான் முதலிடத்த யாருக்கும் குடுக்காம வச்சிருந்தோம். இனி அப்படி வச்சிருக்கத் தேவையில்ல. அடுத்த மாசம் ஒண்ணாம் திகதி கொழும்புக்கு வர முடியுமா?"

"வர்றேன்," என்றாள் கலைச்செல்வி. யோசிக்கவில்லை. சொன்ன பிறகுதான் கையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

திரை அணைந்ததும் எல்லாக் கண்ணும் சதீஸிடம் திரும்பின. அவன் புதுச் சட்டையின் பொத்தானைத் திருகினான். "பார்க்க அவ்வளவு நல்லா இருந்துச்சு அக்கா. தோட்டத்துல எவனாவது இறக்கி வச்சிருப்பான், சொந்தமா இருக்காதுன்னு நெனச்சேன். அந்தப் படத்த நான் பார்க்கவே இல்ல."

"அது எங்களுக்கு ஒன்பது மணிக்கே தெரியும்," என்றான் முத்துவீரன், பெருந்தன்மையோடு.

தர்மிளா லெப்டொப்பை அவன் பக்கம் தள்ளினாள். "போட்டிப் பக்கத்தத் திற. யாரு செஞ்சது, நீ என்னா செஞ்சன்னு எல்லாரும் பார்க்கிற மாதிரி எழுது. இப்பவே."

சதீஸ் எழுதினான். வியர்வை துடைத்துத் துடைத்து எழுதினான். இந்த முகப்பு என்னுடையது அல்ல, திருத்த வந்த வாச்சிலிருந்து எடுத்தேன், இதைச் செய்தவர் கிரிதென்ன தோட்டத்துக் கலைசெல்வி. அனுப்பும் பொத்தானை நோக்கி விரலைக் கொண்டுபோனான்.

"கொஞ்சம் இருங்க."

கலைச்செல்வி கவர்களை விட்டு வந்து, அவன் தோளுக்கு மேலால் குனிந்து, பால் கறை படிந்த விரலைத் திரையில் வைத்தாள்.

"நடுவுல ஒரு 'ச்' வரும் அண்ணே. போடுங்க."

போட்டான்.

"இப்ப சத்தமா வாசிங்க."